மாத்திரை ஆசைப்பட்டதா, மனிதர் ஆசைப்பட்டாரா?

2005-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஒரு விசித்திரமான கட்டுரையை வெளியிட்டார்கள். பார்க்கின்சன் நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த 11 பேரைப் பற்றியது அது. பதினொரு பேரும் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குச் சூதாட்டத்தில் விழுந்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும், மூளையில் சேதி கடத்தும் ரசாயனமான டோபமைனைப் போல வேலைசெய்யும் ஒரு வகை மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் 9 பேருக்குக் கொடுக்கப்பட்டது பிரமிபெக்சோல் என்ற மருந்து. பலருக்கு மாத்திரையின் அளவைக் கூட்டிய சில மாதங்களிலேயே இந்தப் பித்து தொற்றிக்கொண்டது. மாத்திரையை நிறுத்தியதும் அடங்கிப்போனது.

பார்க்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் மூளைச் செல்கள் அழிந்துகொண்டே வரும். அதனால்தான் கை நடுக்கம், உடல் விறைப்பு, நடையில் தடுமாற்றம். அந்த டோபமைன் விட்டுப்போன வேலையை இந்த மாத்திரை எடுத்துச் செய்கிறது. ஆனால் டோபமைனுக்கு மூளையில் இன்னொரு வேலையும் உண்டு. ‘இதில் ஏதோ கிடைக்கும், இன்னொரு தடவை பார்’ என்று தூண்டிவிடுவது. மாத்திரைக்கு எந்த வேலையைச் செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இப்படி மாட்டிக்கொண்ட ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ராத்திரி மணி இரண்டு. சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். யாரும் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வரவில்லை. அவரேதான் எழுந்தார், சட்டை மாற்றினார், வண்டிச் சாவியைச் சத்தமில்லாமல் எடுத்தார். ‘ஏன் வந்தீர்கள்?’ என்று கேட்டால், ‘வரணும்னு தோணிச்சு, வந்தேன்’ என்பார். நீங்களும் நானும் சாயங்காலம் டீக்கடைக்குப் போவதற்குச் சொல்லும் அதே பதில். மாத்திரை கிளப்பிவிட்ட ஆசையும் ‘என்னுடைய’ ஆசையும் உள்ளே இருந்து பார்க்கும்போது ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அப்படியென்றால் என்னுடைய டீ ஆசைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் உளவியல் நூறு வருஷத்துக்கும் மேலாக மல்லுக்கட்டுகிறது. ஒரு தரப்பு நியதிவாதம். உலகில் எதுவும் காரணமில்லாமல் நடப்பதில்லை, மனிதன் செய்வதும் அதில் அடக்கம். மரபணு, வளர்ப்பு, பழக்கம், மூளையின் ரசாயனம், இந்த நிமிஷத்துச் சூழல் எல்லாம் சேர்ந்து அடுத்த செயலைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் கட்சி. எதிர்த்தரப்பு, சுதந்திர விருப்பம் உண்டு என்கிறது. ‘ஃப்ரீ வில்’ என்ற சொல்லைத் தமிழாக்குவதில் பாடு அதிகம். ‘தன்னிச்சை’ என்றால் அடங்காதவன் போலத் தொனிக்கும். ‘சுயேச்சை’ என்றால் தேர்தலில் டெபாசிட் இழந்தவர் கண்முன் வந்து நிற்பார். சுதந்திர விருப்பம் என்றே வைத்துக்கொள்வோம். அன்றைக்கு நான் வேறு மாதிரியும் செய்திருக்க முடியும், ஆனாலும் இதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதே அதன் சாரம்.

இங்கே நம் ஆட்களுக்கு வழக்கமாக ஒரு குழப்பம் வரும். நியதிவாதம் என்றதும் ‘ஓ, தலையெழுத்தைச் சொல்கிறார்கள்’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். இரண்டும் கிட்டத்தட்ட நேரெதிர். தலையெழுத்தை நம்புகிறவர், ‘நீ படித்தாலும் படிக்காவிட்டாலும் பாஸாவது எழுதி வைத்தபடிதான்’ என்பார். அவருக்கு நடுவில் நீங்கள் செய்வது எதுவும் கணக்கில்லை. நியதிவாதியோ, ‘நீ படித்தால் பாஸாவாய், நீ படிப்பாயா மாட்டாயா என்பதற்கும் காரணங்கள் உண்டு’ என்பார். அவருடைய சங்கிலியில் உங்கள் உழைப்பு ஒரு கண்ணி. அதைக் கழற்றிவிட்டால் சங்கிலியே அறுந்துபோகும். இந்த வித்தியாசம் பிடிபடாமல் மேலே போனால் மற்றதெல்லாம் குழம்பும்.

அறிவியல் என்றாலே காரணம் தேடுவது. உளவியலும் அறிவியல்தான் என்று சொல்லிக்கொண்ட நாளிலேயே வம்பு தொடங்கிவிட்டது. ஃபிராய்ட் 1901-ல் எழுதிய நூலில், நாக்குத் தவறி வேறு பெயரைச் சொல்லிவிடுவதற்குக்கூட நனவிலியில், அதாவது நமக்கே தெரியாத மனத்தின் அடியாழத்தில், காரணம் இருக்கிறது என்று வாதாடினார். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் உள்மனத்தையே ஓரங்கட்டினார். பெட்டிக்குள் இருக்கும் எலி நெம்புகோலை அழுத்துகிறது, தீனி விழுகிறது, இன்னும் அழுத்துகிறது. எந்தச் செயலுக்குப் பின் எது கிடைத்தது என்ற வரலாறுதான் அடுத்த செயலைத் தீர்மானிக்கிறது, மனிதனுக்கும் அதே கணக்குத்தான் என்றார். காரணம் தெரியாத இடத்தை அடைக்கத்தான் ‘சுதந்திரமாக முடிவெடுக்கும் மனிதன்’ என்று ஒருவனை உள்ளே உட்காரவைத்திருக்கிறோம் என்பது அவர் எண்ணம்.

1956-ல் இதே ஸ்கின்னரும் கார்ல் ரோஜர்ஸும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். ‘சயன்ஸ்’ இதழில் அது அச்சிலும் வந்தது. ரோஜர்ஸ் ஆலோசனை அறையில் மனிதர்களோடு உட்கார்ந்து பேசிப் பழகியவர். மனித நடத்தையை அறிவியலால் வடிவமைக்க முடியும் என்பதை அவர் பெரிதாக மறுக்கவில்லை. எதை நோக்கி வடிவமைப்பது என்ற தேர்வு அந்த அறிவியலுக்கு முன்பே, அதற்கு வெளியே நடந்துவிடுகிறதே என்றுதான் கேட்டார். கொஞ்சம் கொச்சையாகச் சொன்னால்: எலிக்கு நெம்புகோலைத்தான் கற்றுக்கொடுப்பது என்று முடிவுசெய்தது யார்? ஸ்கின்னரிடம் பதில் இருந்தது: அந்த விஞ்ஞானியும் தன் வரலாற்றால் ஆனவர்தான். இது சரியான பதில்தான். ஆனால் கேட்டவருக்குத் திருப்தி தராத பதில்.

இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு, வில்லியம் ஜேம்ஸ். பின்னாளில் அமெரிக்க உளவியலின் தந்தை என்று பெயர் வாங்கப்போகிற அவருக்கு 1870-ல் வயது 28. கடும் மனச்சோர்வு. எல்லாமே முன்பே தீர்மானிக்கப்பட்டது என்றால் எதற்காக எழுந்திருக்கவேண்டும் என்ற நிலை. பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனூவியேவைப் படித்துவிட்டு, ஏப்ரல் 30 அன்று நாட்குறிப்பில் இப்படி எழுதிக்கொண்டார்: சுதந்திர விருப்பம் உண்டு என்று நம்புவதுதான் சுதந்திர விருப்பத்தோடு நான் செய்யும் முதல் காரியம். எனக்கு இதைவிடப் பிடித்தது அதை ஒட்டி அவர் எழுதியிருப்பதுதான். இப்போதைக்கு, அடுத்த வருஷம் வரைக்கும், அது பொய்த்தோற்றம் அல்ல என்று வைத்துக்கொள்கிறேன் என்கிறார். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துபோல, ஒரு வருஷக் கோர்ஸ்.

கதை சோதனைக்கூடத்துக்குள் நுழைந்தது பிற்பாடுதான். நீங்களே செய்துபார்க்கலாம். கையை மேசைமேல் வையுங்கள். எப்போது தோன்றுகிறதோ அப்போது மணிக்கட்டை மடக்குங்கள். அவசரமில்லை. மடக்கினீர்களா? இப்போது சொல்லுங்கள், ‘மடக்கலாம்’ என்று தோன்றியது சரியாக எந்தக் கணம்?

சான்ஃபிரான்சிஸ்கோவில் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் இதைத்தான் செய்யச் சொன்னார். உச்சந்தலையில் மின்முனைகள், கையில் தசை அசைவைப் பதியும் கருவி. எதிரே திரையில் கடிகார முள்போல ஓர் ஒளிப்புள்ளி, 2.56 விநாடிக்கு ஒரு சுற்று. மணிக்கட்டை மடக்கவேண்டும் என்று தோன்றிய கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்லவேண்டும். கை அசைவதற்கு முன்பே மூளையில் மெல்ல மின்னழுத்தம் ஏறுகிறது என்பதை ஜெர்மனியில் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் 1965-லேயே காட்டியிருந்தார்கள். லிபெட்டுக்கு வேண்டியது வரிசை. எது முதலில், எண்ணமா மின்னழுத்தமா?

1983-ல் வந்த முடிவு பலரின் தூக்கத்தைக் கெடுத்தது. கை அசைவதற்குச் சுமார் 200 மில்லிவிநாடி முன்பு எண்ணம் தோன்றியதாக ஆட்கள் சொன்னார்கள். மின்னழுத்தம் ஏறத் தொடங்கியதோ சுமார் 550 மில்லிவிநாடி முன்பு. அதாவது, ‘மடக்கலாம்’ என்று நமக்குத் தோன்றுவதற்கு மூன்றிலொரு விநாடி முன்பே மூளை தயாராகிக்கொண்டிருக்கிறது. முடிவை மூளை எடுத்துவிட்டு நமக்குச் சேதி மட்டும் சொல்லி அனுப்புகிறது என்று பலர் இதைப் படித்தார்கள். 2008-ல் ஜெர்மனியில் ஜான்-டிலன் ஹெய்ன்ஸ் குழுவினர் மூளை வேலைசெய்வதைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் இதன் பெரியண்ணனைச் செய்தார்கள்: இடது பொத்தானா வலது பொத்தானா என்பதை ஆள் முடிவெடுப்பதற்குப் பல விநாடிகள் முன்பே மூளைப் படத்திலிருந்து ஓரளவு ஊகிக்க முடிந்தது. ‘பத்து விநாடிக்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது’ என்று இன்றும் பகிர்கிறவர்கள் ஊகத்தின் துல்லியத்தைச் சொல்வதில்லை. சுமார் 60 சதவீதம். காசு சுண்டிவிட்டாலே 50 வரும்.

லிபெட்டே தன் சோதனையை அப்படிப் படிக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. எண்ணம் தோன்றிய பிறகும் ‘வேண்டாம்’ என்று நிறுத்திவிடக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, சுதந்திரம் அந்தத் தடுப்பதிகாரத்தில்தான் என்று நம்பியவர் அவர்.

‘மூளை முன்பே முடிவெடுத்துவிடுகிறது’ என்ற பேச்சுக்குப் பெரிய அடி 2012-ல் விழுந்தது. பாரிஸ் பக்கம் ஆரன் ஷூர்கரும் கூட்டாளிகளும் அந்த மின்னழுத்த வளைவையே வேறு விதமாகப் படித்தார்கள். அதைப் புரிந்துகொள்ள மெரினாவில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஈர மணலுக்குச் சற்று மேலே நிற்கிறீர்கள். அலைகள் வந்து வந்து போகின்றன. பெரும்பாலானவை கால்வரை எட்டுவதில்லை. எப்போதாவது ஒன்று எட்டி நனைக்கிறது. இப்போது, கால் நனைந்த தருணங்களை மட்டும் வீடியோவில் வெட்டி எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு விநாடி பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் நனைவதற்கு முன்னால் நீர் ஏறிக்கொண்டே வந்திருக்கும். அதை வைத்து, ‘கடல் இரண்டு விநாடிக்கு முன்பே உங்கள் காலை நனைப்பது என்று முடிவெடுத்துவிட்டது’ என்று சொன்னால் சிரிக்கமாட்டோமா? மூளையிலும் மின்னோட்டம் சதா ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் மடக்கு என்று சொல்லிவிட்டால், ஓர் ஏற்றம் எல்லையைத் தொடும்போது கை அசைகிறது. கை அசைந்த தருணங்களை மட்டும் அடுக்கி, அவற்றின் சராசரியைப் பின்னோக்கி எடுத்தால் அழகான ஏறுவளைவு கிடைக்கத்தான் செய்யும். எல்லையைத் தொடாமல் இறங்கிப்போன ஏற்றங்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

எனக்கு லிபெட்டின் சோதனைமேல் வேறொரு புகாரும் உண்டு. மணிக்கட்டை எந்த நொடியில் மடக்குவது என்பதில் யாருக்கு என்ன அக்கறை? வாழ்க்கையில் நாம் தவிக்கும் முடிவுகள் அந்த ரகம் இல்லை. 2019-ல் யூரி மாவோஸும் அவர் குழுவும் இந்த இடத்தைத்தான் பிடித்தார்கள். எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு 1,000 டாலர் நன்கொடை போகவேண்டும் என்று ஆட்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எதைத் தேர்ந்தாலும் இரண்டுக்கும் சமமாகவே பணம் போகும் என்று தெரிந்தபோது, லிபெட்டின் பழைய வளைவு அப்படியே தெரிந்தது. தேர்வு நிஜமாகவே பணத்தை மாற்றும் என்றபோது அந்த வளைவு கிட்டத்தட்டக் காணாமல்போனது. ஆக, அலட்சியமாக எடுக்கும் முடிவைப் படம்பிடித்த கருவியை வைத்துக்கொண்டு, அக்கறையோடு எடுக்கும் முடிவுகளைப் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தோம்.

நியதிவாதம் தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அக்கறையோடு எடுக்கும் முடிவுக்கும் மூளையில் காரணங்கள் இருக்கத்தான் செய்யும், அந்தரத்திலிருந்தா குதிக்கும்? விஷயம் என்னவென்றால், காரணம் இருப்பது வேறு, கட்டாயம் இருப்பது வேறு.

நெரிசலான டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தன் ஸ்டாப் வந்ததென்று இறங்குகிறார். இன்னொருவரைக் கூட்டம் நெட்டித் தள்ளி இறக்கிவிடுகிறது. இரண்டு இறங்கலுக்கும் காரணம் உண்டு. முதலாமவருக்குக் காரணம் அவருக்குள் புகுந்து, அவர் எங்கே போகவேண்டும், எது தன் வீட்டுத் தெரு என்ற அறிவு வழியாக வருகிறது. ஸ்டாப் மாறிவிட்டது என்று நடத்துநர் சொன்னால் அவர் நின்றுவிடுவார். இரண்டாமவரிடம் நீங்கள் என்ன சொன்னாலும் பலனில்லை. அவர் ஏற்கெனவே ரோட்டில் நிற்கிறார். காரணம் அவரைக் கேட்காமலேயே போய்விட்டது. சுதந்திரம் என்று நாம் நடைமுறையில் சொல்வது முதல் வகையைத்தான், அதற்குக் காரணமே இல்லாத செயல் தேவையில்லை என்று சொல்கிறவர்களை இணக்கவாதிகள் என்பார்கள். ஜேம்ஸ் இதற்கு ‘மென் நியதிவாதம்’ என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தாரே தவிர அவருக்கு அது பிடிக்கவில்லை. பிரச்சினையிலிருந்து நழுவும் வித்தை என்று நினைத்தார். நான் அவரோடு இந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை.

ஆனால் பார்க்கின்சன் நோயாளி இந்த இரண்டு பயணிகளில் யார்? அவரைக் கூட்டம் தள்ளவில்லை. மாத்திரை இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒன்றைச் செய்தது. நடத்துநரின் குரலில், ‘உங்க ஸ்டாப் வந்தாச்சு சார், இறங்குங்க’ என்று காதருகே கூப்பிட்டது. அவர் தன் காலாலேயே இறங்கினார். இது தெரியாத ஊர், இருட்டு, இறங்கக்கூடாது என்று ஒரு பக்கம் தெரிந்தும் இறங்கினார். பணம் போகிறது என்ற தகவல் அவருக்குள் போகிறது. செயலைத்தான் அது தொடமாட்டேன் என்கிறது. காரணம் சொன்னால் மாறக்கூடிய செயலா, மாறாத செயலா என்பதைத்தான் நான் பார்ப்பேன். இது ஆம், இல்லை என்று இரண்டே பதில் கொண்ட கேள்வியும் அல்ல. காரணம் கேட்டு மாறும் அந்தத் திறன் களைப்பில் குறையும், குடியில் இன்னும் குறையும், பழகப் பழகக் கூடும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பது தனிக் கூத்து. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆவது பிரிவு, கேட்பது அறிவைப் பற்றி. மனநிலை பிறழ்ந்ததால் தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது. நம் ஆளுக்கோ எல்லாம் தெரியும். சூதாட அலுவலகப் பணத்தில் கைவைத்தால் அது தப்பென்றும் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை என்ற நிலைக்கு இந்தப் பிரிவில் இடமில்லை.

மாத்திரைதான் எல்லாவற்றையும் செய்தது என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2010-ல் வந்தது. இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 17.1 சதவீதம் பேருக்குச் சூதாட்டமோ, கண்டதை வாங்கிக் குவிப்பதோ, அடங்காத தீனியோ, பாலுறவு வேட்கையோ கைமீறிப் போயிருந்தது. சாப்பிடாதவர்களில் 6.9 சதவீதம். வித்தியாசம் பெரிது, ஆனால் நூற்றுக்கு 83 பேர் அதே மாத்திரையை விழுங்கிவிட்டு இப்படி எந்தச் சிக்கலும் இல்லாமல் இருந்தார்கள். இளவயது, திருமணம் ஆகாதது, புகைப்பழக்கம், குடும்பத்தில் சூதாட்டச் சிக்கல் உள்ளவர் இருப்பது ஆகியவையும் ஆபத்தோடு சேர்ந்து வந்தன. வீட்டில் ‘எங்கே கிளம்பிட்டீங்க?’ என்று கேட்க ஓர் ஆள் இருப்பதும் மூளைக்கு வெளியே இருக்கும் ஒரு கடிவாளமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதையெல்லாம் சாதாரண மக்களிடம் சொல்லலாமா என்று பயந்தவர்களும் உண்டு. 2008-ல் கேத்லீன் வோஸும் ஜோனதன் ஸ்கூலரும், சுதந்திர விருப்பம் என்பது மாயை என்று சொல்லும் பத்தியைப் படித்தவர்கள் பிறகு பரீட்சையில் அதிகம் ஏமாற்றினார்கள் என்று அறிவித்தார்கள். ஏகப்பட்ட பத்திரிகைகள் அதைத் தூக்கிப் பிடித்தன. பிறர் திரும்பச் செய்துபார்த்தபோது அந்த விளைவு வரவில்லை. ஆகவே தைரியமாகப் படிக்கலாம்.

சுதந்திரத்தை நம்பாத ஸ்கின்னர் தன் சொந்த வேலையை எப்படி நடத்தினார் என்பது இந்த விவாதத்தில் எனக்குப் பிடித்த பகுதி. மனஉறுதியைக் கூப்பிட்டுக்கொண்டு உட்காரவில்லை. தினமும் ஒரே நேரம், அதே மேசை, மணியடித்தால் தொடக்கம், மணியடித்தால் முடிவு. எத்தனை மணிநேரம் எழுதினார் என்று எலிக்கு வரைந்ததுபோலத் தனக்கும் வரைபடம் போட்டுவைத்தார். தன் நடத்தைக்குச் சூழல்தான் காரணம் என்றால், சூழலை நான் மாற்றிவைக்கிறேன் என்ற போக்கு. காரணங்களைத் தெரிந்துகொண்டதும், அந்தத் தெரிதலும் புதிதாக ஒரு காரணமாக உள்ளே சேர்ந்துவிடுகிறது.

அதே மாத்திரை நம்மூர் மருந்துக்கடைகளிலும் இருக்கிறது. இதை எழுதிக்கொடுக்கும்போதே, சூதாட்டம், கண்டபடி வாங்குவது என்று ஏதாவது தலைகாட்டினால் உடனே சொல்லுங்கள் என்று நோயாளியிடமும் வீட்டாரிடமும் எச்சரிக்க மருத்துவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. ஒருவர் அப்படிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். போனில் ரம்மி ஆடத் தொடங்கியிருப்பது அவருக்கே உறுத்துகிறது. டாக்டர் அளவைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். பலன் தெரியக் கொஞ்ச நாளாகும். சாயங்காலம் தெளிவாக இருக்கும்போது ஏ.டி.எம். கார்டை மனைவியிடம் நீட்டி, ‘ராத்திரி நானே வந்து கேட்டாலும் கொடுக்காதே’ என்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வந்து, ‘அது என் பணம், என் இஷ்டம், எடு’ என்கிறார்.

இரண்டும் அவர் குரல்தான். எது அவருடைய விருப்பம் என்று தத்துவம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாளுக்கு அதில் சந்தேகமே இல்லை. கார்டு அரிசி டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது.